வானொலியில் விழுந்த விக்கெட்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கிரிக்கெட் நடக்கும் நாட்களில் எனக்குத் தனி மரியாதை உண்டு. டீக்கடைத் தொலைக்காட்சியில் ஸ்கோர் கொட்டை எழுத்தில் நிற்கும். அதற்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் என்னைக் கண்டதும் திரும்பி, "அண்ணாச்சி, ஸ்கோர் எத்ரயாயி?" என்பார்கள். நானும் விலாவாரியாகச் சொல்வேன். "ஒந்நுகூடி பற அண்ணாச்சி" என்பார்கள். இன்னொரு முறையும் சொல்வேன். கண்ணெதிரே இருப்பதை ஏன் கேட்கிறார்கள் என்று பல வருடம் எனக்குத் தோன்றவே இல்லை. என் வாயால் கேட்டால்தான் இவர்களுக்கு ஆட்டம் ருசிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

குழாய்க் கடை ஒன்றில் கணக்கெழுதத் திருவனந்தபுரம் வந்தவன் நான். வந்தது வயிற்றுக்காக, ஆசை வேறு. கிரிக்கெட் வர்ணனையாளர் ஆகவேண்டும் என்பதுதான் அது. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் பொங்கலுக்குப் பொங்கல் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் நடக்கும். மைக் என் கையில்தான். சென்னையில் ஆட்டம் நடந்தால் திருநெல்வேலி வானொலியில் தமிழ் வர்ணனை வரும். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த தொண்டை இது. பந்து வீச்சாளர் ஓடத் தொடங்குவதிலிருந்து மட்டையில் பந்து படும் வரை மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாகச் சொல்லி முடிப்பேன். "ஏலே, பேசாம ரேடியோவுக்குப் போயிருலே" என்பார்கள். போவேன் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

வாடகைக்கு நாங்கள் குடியிருந்தது ஸ்ரீவராகத்தில். அங்குள்ள கிளப்பின் செயலாளர் சசி ஒருநாள் கடைக்கே வந்து, தங்கள் டோர்னமென்டுக்கு மைக் பிடிக்கக் கூப்பிட்டார். "மலையாளத்தில் அல்லவா பேச வேண்டும்?" என்று தயங்கினேன். "அண்ணாச்சி அறியாவுந்நது போலே பறஞ்ஞா மதி. அண்ணாச்சி மைக் எடுத்தா ஆளு கூடும்" என்றார். தெரிந்த மாதிரிச் சொன்னால் போதுமாம். ஆளும் கூடியது. ஆட்டத்தைப் பார்க்காமல் மைக் மேசையைச் சுற்றியே ஆட்கள் நின்றார்கள். இதைவிட ஒரு வர்ணனையாளனுக்கு என்ன வேண்டும்? வானொலி நிலையம் இனி எட்டிப் பிடிக்கும் தூரம்தான் என்று மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அவள் சோறு போட எழுந்து போனாள்.

இங்கே ஓணம் என்றால் மிமிக்ரி இல்லாமல் கிளப் விழா கிடையாது. அந்த வருடம் வந்த கலைஞன் கிரிக்கெட் வர்ணனையாளர்களை ஒவ்வொருவராக இறக்கினான். முதலில் ஆங்கிலக்காரர் ஒருவர். வீடே இடிந்தாலும் பதறாத குரல். அடுத்து, ஒற்றை ரன்னுக்கே தொண்டை கிழியக் கத்தும் ஹிந்திக்காரர். பிறகு, தானே ஜோக் சொல்லித் தானே முதலில் சிரித்துவிடும் பழைய ஆட்டக்காரர். பெயர் சொல்லுமுன்பே கூட்டம் கண்டுபிடித்தது. புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். ஆனால் ஆள் இல்லாதபோதும் யார் குரல் நம் வாயில் வந்து உட்காருகிறதோ அவர்தான் புகழ்பெற்றவர். இதைச் சரோஜாவின் காதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, "இனி நம்முடே சாலை அண்ணாச்சி!" என்றான் கலைஞன்.

நிமிர்ந்து உட்கார்ந்தேன். என் ஒரே மூச்சு வாக்கியத்தை அப்படியே பிடித்திருந்தான். ஆனால் அது நான் கேட்டறிந்த என் குரல் இல்லை. மலையாளச் சொல்லெல்லாம் தமிழ் வாயில் நசுங்கி வந்தது. பந்து வீச்சாளர் பாதி ஓட்டத்தில் இருக்கும்போது, "ஏலே, அந்தக் குழாயை இறக்குலே!" என்று நடுவில் நான் கடையில் போடும் கத்தல். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. என் மகள் மீனா கைதட்டி, "அப்பா, இது அப்பாவோட சவுண்டு தன்னே!" என்று குதித்தாள். சரோஜா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விழா முடிந்ததும் சசி வந்து தோளில் கைபோட்டார். "விஷமிக்கல்லே அண்ணாச்சி. அண்ணாச்சி பறயும்போ ஒரு சிரி உண்டல்லோ, அதினல்லே ஆளு வருந்நது." நான் பேசினால் சிரிப்பு வரும், அதற்குத்தானே ஆள் வருகிறது, வருத்தப்பட வேண்டாம் என்று பாராட்டாகத்தான் சொன்னார், நல்ல மனிதர். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. டீக்கடையில் என்னிடம் ஸ்கோர் கேட்டதன் காரணமும் அப்போதுதான் புரிந்தது.

இங்கே மானம் போனால் என்ன, சொந்த ஊர் இருக்கிறது என்று அந்தப் பொங்கலுக்குப் போனேன். பழைய ஆள் என்று மைக்கைக் கொடுத்தார்கள். தமிழில், என் சொந்தத் தமிழில், முதல் ஓவரைச் சொல்லி முடிப்பதற்குள் பந்தலுக்குப் பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்: "ஆருடே மைக்குல? மலையாளத்தானயா கூட்டிட்டு வந்திருக்கிய?" பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஓண விழாவில் சிரித்த அதே சிரிப்பு. தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று மைக்கை வைத்துவிட்டு வந்தவன், திரும்பப் போகவில்லை. அதற்குப் பின் எங்கும் மைக் பிடிக்கவும் இல்லை.

இப்போது வீட்டில் கேபிள் வந்துவிட்டது. சென்னையில் ஆட்டம் என்றால் தொலைக்காட்சியின் ஒலியை அணைத்துவிட்டு, பக்கத்தில் வானொலியை வைத்துத் திருநெல்வேலியைப் பிடிப்பேன். இரைச்சலுக்கு நடுவே தமிழ் வரும். ஒரே சங்கடம், கேபிளில் படம் சற்றுப் பிந்தி வருகிறது. வானொலியில் விக்கெட் விழுந்து, ஆட்டக்காரர் தலைகுனிந்து நடக்கத் தொடங்கியிருப்பார். படத்தில் அதே ஆள் கையுறையைச் சரிசெய்துகொண்டு, காலால் மண்ணைத் தட்டி, அடுத்த பந்துக்குத் தயாராக நிற்பார். "அப்பா, அந்த ரேடியோவ நிறுத்து, எல்லாம் முந்தியே சொல்லிடுது" என்று மீனா சலித்துக்கொள்கிறாள். நான் நிறுத்துவதில்லை. அவுட்டானது தெரியாமல் மட்டையைத் தூக்கி நிற்கும் அந்த ஆளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.