கானாங்கோழியின் முகம்

ஏற்காடு கடைவீதியில் மிளகும் தேனும் விற்கிற கடைக்கு மேல்மாடியில் ஷெர்லினின் பியூட்டி பார்லர் இருக்கிறது. மணப்பெண் அலங்காரம்தான் அவளுக்கு முக்கியத் தொழில். மலைமேல் கல்யாணம் வைத்துக்கொள்ளும் ஆசை சேலத்துக்காரர்களுக்கு வந்த பிறகு, சீசனில் அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை.

தொழில் அவள் கண்ணிலேயே ஏறிவிட்டது. எந்த முகத்தையும் அவளால் சும்மா பார்க்க முடியாது. பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைக்கும்போது அவருடைய இடது புருவத்தை மனதுக்குள் திருத்திக்கொண்டிருப்பாள். ஒருமுறை பஸ் கண்டக்டரிடம், "அண்ணா, மூக்குக்கு ரெண்டு பக்கமும் லேசா நிழல் குடுத்தா உங்களுக்கு நொம்ப நல்லா இருக்குமுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த மனிதர் அடுத்த நிறுத்தத்துக்கு விசில் ஊத மறந்துபோனார்.

தான் அலங்கரித்த பெண்களைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக ஒரு கேமரா வாங்கினாள். முகத்தைத் தூரத்திலிருந்து எடுத்தால்தான் அழகு என்று சொல்லி, விற்றவர் முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸையும் அவள் தலையில் கட்டினார். அந்த லென்ஸோடு ஒரு காலையில், ஏரிக்குள் ஓடை வந்து விழுகிற பக்கம் ஒரு மணப்பெண்ணை நிறுத்திப் படமெடுத்தாள். அந்தப் பக்கம் முழுக்கச் சதுப்பு. கோரையும் சம்பும் இடுப்பளவுக்கு நிற்கும்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், பாதிப் படங்களில் மணப்பெண் இருந்தாள். மீதிப் படங்களில் அவளுடைய தோள்பட்டை மங்கலாக ஓரத்தில் கிடக்க, அதற்கு அப்பால் கோரைக்குள் நுழைகிற ஒரு பறவையின் பின்புறம் இருந்தது. கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பின்புறம். ஒவ்வொரு இறகும் எண்ணிவிடலாம் போலத் துல்லியம்.

அவள் கணவன் டோமினிக் சேலத்துக்கும் ஏற்காட்டுக்குமாக ஜீப் ஓட்டுகிறவன். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இது எந்த ஊட்டுப் பொண்ணு?"

"பொண்ணு இல்லீங்க. கோழி. கானாங்கோழி."

"மூஞ்சியக் காணோம்?"

அந்தக் கேள்விதான் வினையாகப் போயிற்று.

மறுநாள் விடிந்ததும் ஷெர்லின் ஏரிக்குப் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். கானாங்கோழிக்கு இருந்த கூச்சம் சாதாரணக் கூச்சமில்லை. கோரைக்குள்ளிருந்து வெளியே வரும்போதே பின்புறமாக வருகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. ஒரு வாலாட்டல், ஒரு சிவந்த கால், அப்புறம் கோரை அசைவது மட்டும்தான். மழைக்காலம் முடிவதற்குள் அவளிடம் சேர்ந்த பின்புறங்களுக்குக் கணக்கில்லை. பின்புறத்தை வைத்தே இது புருஷன், இது பொண்டாட்டி என்று பிரித்துச் சொல்லுமளவுக்குத் தேறிவிட்டாள்.

"எப்புடிச் சொல்ற?" என்றான் டோமினிக்.

"இது நடக்கறப்ப யாரையும் எதிர்பாக்கறதில்லீங்க. அப்ப இதுதான் பொண்டாட்டி."

ஆனால் முகம் கிடைக்கவில்லை. ஊரில் இருக்கிற முகமெல்லாம் தன் கைக்கு வரும்போது ஒரு கோழி மட்டும் முகம் காட்ட மாட்டேன் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. தான் மனுஷியாகத் தெரிவதுதான் தொந்தரவு என்று முடிவுக்கு வந்தாள். மனுஷி மாதிரித் தெரியாமல் செய்வது அவளுக்குத் தெரிந்த வேலைதானே. எத்தனையோ பெண்களைச் சொந்தத் தாய்க்கே அடையாளம் தெரியாதபடி செய்தவள் அவள்.

பக்கத்து ஊரான தலைச்சோலையில், காப்பி நாற்றுக்கு நிழலுக்காகக் கட்டுகிற பச்சை வலையில் ஒரு சுருள் வாங்கிவரும்படி டோமினிக்கிடம் சொன்னாள். மணப்பெண் பெட்டியைத் திறந்து, பழுப்பு ஃபவுண்டேஷனில் கண்ணிமைப் பச்சையைக் குழைத்து முகத்தில் பூசினாள். வேலையில் ஒரு சுத்தம் வேண்டுமே என்று காதுமடல், கழுத்து, கைவிரல் வரைக்கும் இழுத்துவிட்டாள். மல்லிகைச் சரம் வைக்கிற ஊசிகளால் தலை முழுக்கக் கோரை செருகினாள். கடைசியாக ஜிகினாவைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மனசில்லாமல் திருப்பி வைத்தாள்.

டோமினிக் அடுப்படிக்கு வந்தபோது பாத்திர மேடையருகே ஒரு புதர் நின்றது. அவன் ஒரு நிமிடம் பார்த்தான். "டீ ஆறுது" என்று புதரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான்.

சதுப்பை ஒட்டி ஒரு லாட்ஜின் பின்பக்கப் புல்தரை இருந்தது. அங்கே காவலுக்கு இருந்தவர் செங்கோடன். ஓமலூர்ப் பக்கத்து மனிதர், யாரையும் மரியாதை குறைத்துப் பேசிப் பழக்கமில்லாதவர். ஒருநாள் காலையில் வேலியோரமாக நடந்தபோது ஒரு புதர் தும்மியது. அவர் நின்றார். பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"ஏனுங்க, நீங்க புதருங்களா?"

"ஆமாங்க" என்றாள் ஷெர்லின், உதடு அசையாமல்.

"சரிங்க." இரண்டு அடி போனவர் திரும்பினார். "பனி நொம்ப இருக்குதுங்க. காதக் கட்டிக்கோங்க."

அன்றிலிருந்து அவர் அவளுக்குக் காவலும் ஆனார். ஏரியைச் சுற்ற வருகிறவர்கள் அந்தப் பக்கம் போனால், "அங்க போகாதீங்க, ஒரு அம்மா புதரா இருக்காங்க" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. ஏற்காட்டுக்கு ஓய்வெடுக்க வந்தவர்கள் எதற்குக் கேட்கப் போகிறார்கள்.

இப்படி இருக்கையில் சாராவின் கல்யாணம் வந்தது. சாரா சேலத்துப் பெண். அப்பா அம்மா இல்லாத பெண்ணை வளர்த்தது அத்தை தேவகுமாரி. மலைமேல் சர்ச்சில் கல்யாணம், பெண்வீட்டார் தங்கியது அதே லாட்ஜில். ஷெர்லினுக்கு இது கர்த்தர் செய்த உபகாரமாகப் பட்டது. விடியற்காலையில் கோழிக்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, அப்படியே எண்ணெய் போட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு பெண்ணுக்கு அலங்காரம் செய்யப் போய்விடலாம். மேக்கப் பெட்டியையும் கையோடு சதுப்புக்கே கொண்டுபோனாள்.

விடிந்தும் விடியாததுமாக லாட்ஜில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போடுகிற ஆள் வரவில்லை. தேவகுமாரி செல்போன் வெளிச்சத்தோடு கீழே இறங்கிவந்தார்.

"மேக்கப் போடற பொண்ணு வந்தாச்சுங்களா?"

"வந்து நொம்ப நேரமாச்சுங்களே" என்றார் செங்கோடன். "அதா, அந்தக் கடேசிப் புதருங்க."

தேவகுமாரி புல்தரையின் ஓரம்வரை போனார். எதற்கும் இருக்கட்டும் என்று முதலில் இருந்த புதரையும் கூப்பிட்டுப் பார்த்தார். அது உண்மையிலேயே புதர். அதற்கு அப்பாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அம்மா, கம்முனு உக்காருங்க. இப்ப வந்துரும்."

"எது வந்துரும்?"

"கோழிங்க."

"பத்து மணிக்குக் கல்யாணம், கண்ணு."

"தெரியுமுங்க. பொண்ணக் கூட்டிட்டு வாங்க. ரூம்ல இருட்டு. இங்க வெளிச்சம் நல்லா விழுது."

தேவகுமாரி யோசித்தார். மலையில் அந்த நேரத்துக்கு வேறு ஆள் கிடைக்காது. வெளிச்சத்தைப் பற்றி அந்தப் பெண் சொன்னதும் நியாயமாகத்தான் இருந்தது. சாராவை நைட்டியோடு கூட்டிவந்தார். செங்கோடன் புல்தரையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கிவந்து போட்டார். உட்கார்ந்ததும் நாற்காலிக் கால்கள் சேற்றில் இறங்கி எல்லோரும் கோரையின் உயரத்துக்கு வந்துவிட்டார்கள். ஷெர்லின் சந்தோஷப்பட்டாள். பெண் மேல் ஒரு வலை, அத்தை மேல் ஒரு வலை. பெண்ணுக்கு மட்டும் முகத்துக்கு நேராக ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வேலையை ஆரம்பித்தாள்.

பெண் தயாரா என்று பார்த்துவர மாப்பிள்ளையின் தம்பி ஸ்டெபின் வந்தான். அவனையும் உட்காரவைத்து, வலை போர்த்தி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, வெயில் பட்டுப் பளிச்சிடாமல் பிடிக்கச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் பெண்ணை ஏற்றிப்போக ஜீப்போடு டோமினிக் வந்தான். தானாகவே ஒரு வலையை எடுத்துப் போர்த்திக்கொண்டு சேற்றில் உட்கார்ந்தான்.

வேலிக்கு அப்பால் நடைபழக வந்த ஒருவர் செங்கோடனிடம், "அங்க என்னங்க?" என்று கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் நடக்குதுங்க."

"எங்க?"

"அந்தப் புதருக்குத்தாங்க. பக்கத்துப் புதர்தான் போட்டுவிடுது."

இதற்கிடையில் தேவகுமாரிக்குக் கால் மரத்துப்போனது. சத்தம் போடக்கூடாது என்பதால் பேசாமல், உட்கார்ந்த இடத்திலேயே தையல் மிஷின் மிதிப்பதுபோலச் சேற்றை மிதித்துக்கொண்டிருந்தார். சேறு குழம்பிப் புழுக்கள் மேலே வந்தன. இத்தனை மாதமாக மூச்சை அடக்கி அசையாமல் உட்கார்ந்திருந்த ஷெர்லினுக்கு இந்த யோசனை வந்ததே இல்லை. கோரை விலகியது. கானாங்கோழி நேராக நடந்து வந்தது. முகம் முன்னால் வர, பின்புறம் பின்னால் வர.

அந்தச் சமயத்தில் ஷெர்லினின் இரண்டு கையும் சாராவின் வலது கண்ணில் இருந்தன. ஒட்டு இமைமுடியில் பசை தடவி, வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இப்போது விட்டால் இமை கோணலாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க வேண்டும். கேமரா அவள் மார்பில் தொங்கியது. ஸ்டெபின் கண்ணாடியைப் பிடித்திருந்தான். டோமினிக்கின் செல்போன் வலைக்குள், சட்டைக்குள், எங்கேயோ இருந்தது. தேவகுமாரி, கோழி கொத்திவிடுமோ என்று கண்ணை மூடி ஜெபம் சொல்லத் தொடங்கியிருந்தார்.

"என்னக்கா ஆச்சு?" என்றாள் சாரா.

"கண்ணத் தொறக்காத, கண்ணு."

கோழி நிமிர்ந்து ஷெர்லினைப் பார்த்தது. சிவந்த கண். முகமும் மார்பும் செம்பழுப்பு. மதியத் தூக்கத்தில் கதவைத் தட்டி நன்கொடை கேட்டவர்களைப் பார்க்கிற பார்வை. இதற்காகவா இத்தனை மாதம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அடுத்த கணம் அந்த நிறச்சேர்க்கையில் மனது விழுந்துவிட்டது. உச்சந்தலைப் பழுப்பு நெற்றிச் செம்மையில் கலக்கிற இடத்தில் கோடே தெரியவில்லை. அப்படிக் கலக்க அவளுக்கு ஏழெட்டு வருஷம் பிடித்தது.

இமை ஒட்டியது. கையை எடுத்தாள். கேமராவைத் தூக்கினாள். கோழி திரும்பிவிட்டது. கிளிக் என்றது. கறுப்பும் வெள்ளையுமாக, மிகத் துல்லியமாக இன்னொரு பின்புறம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. பெண்ணின் முகத்தில் ஒரு பனிப் பளபளப்பு இருக்கிறதே, அது என்ன கிரீம் என்று பலர் விசாரித்தார்கள். முதல் வரிசையில் தேவகுமாரி மட்டும், கணுக்காலில் அட்டை கடித்திருந்தும், மணமக்கள் உடன்படிக்கை சொல்லி முடிக்கும்வரை சிலைபோல் நின்றார். அசையாமல் இருப்பது காலையிலேயே பழகிவிட்டது என்று பிறகு சொன்னார்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் ஸ்டெபினால் கோழியை மறக்க முடியவில்லை. அவன் வேலைபார்க்கிற பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்ற பாக்கியநாதன், சேலத்தில் பறவை பார்க்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றை நடத்திவந்தார். ஸ்டெபின் அவரிடம் சொல்ல, அவர் படங்களை அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஷெர்லினைப் போனில் கூப்பிட்டார்.

"படமெல்லாம் அருமைங்கம்மா. ஆனா பின்னாடிய மட்டும் பாத்து எந்த வகைன்னு எப்புடிங்க எழுதறது? மூஞ்சி வேணுமுங்க."

"மூஞ்சிய நான் பாத்தனுங்க."

"நீங்க பாத்தீங்க. நாங்க பாக்கோணுமில்லீங்களா?"

ஷெர்லின் போனை வைத்தாள். டோமினிக் தோசை தின்றுகொண்டிருந்தான். அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

"ஏனுங்க, சித்த இப்படி வெளிச்சத்துக்கு வாங்க."

அவன் வந்து உட்கார்ந்தான். நெற்றியிலும் கன்னத்திலும் செம்பழுப்பு ஏறியது. உச்சியிலிருந்து பிடரி வரை மரப்பழுப்பு, கலக்கிற இடம் தெரியாமல். கண்ணின் ஓரங்களில் சிவப்பு. மூக்குக்கு இரண்டு பக்கமும் நிழல் கொடுத்து, நுனியைக் கரும்பச்சையில் இழுத்து அலகாக்கினாள்.

"உதட்டக் குவிங்க. அப்படித்தான். இப்ப கொஞ்சம் கோவமா இருக்கோணும்."

"இருக்கேன்."

கிளிக் என்றது. திரை நிறைய முகம். இறகு ஒன்றுதான் குறை. படத்தைப் பாக்கியநாதனுக்கு அனுப்பி, "நான் கண்டது இதுதாங்க" என்று எழுதினாள். அவர் எழுதுகிறார், எழுதுகிறார் என்று வாட்ஸ்அப் வெகுநேரம் காட்டியது. பிறகு பதில் வந்தது.

"செம்மார்புக் கானாங்கோழி. சந்தேகமே இல்லீங்க. கொஞ்சம் வயசான ஆண்."

"வயசு எதுக்குச் சொல்றாரு?" என்றான் டோமினிக்.

கடிகாரத்தைப் பார்த்தபோதுதான் அடிவாரத்துக்கு ஆள் ஏற்ற வேண்டிய நேரமாகிவிட்டது தெரிந்தது. முகத்தைத் தேய்த்தான். அசையவில்லை. மணப்பெண் அழுதாலும் வேர்த்தாலும் கலையாத சரக்கு. எண்ணெய் ஊறவைத்து எடுக்க வேண்டும் என்றாள் ஷெர்லின். அதற்கு நேரமில்லை. அப்படியே கிளம்பினான்.

ஸ்டாண்டில் காத்திருந்தவர்கள் ஜீப்பில் ஏறினார்கள். முன்சீட்டில் உட்கார்ந்த பெரியவர் மட்டும் முதல் கொண்டைஊசி வளைவில், "உடம்புக்கு ஏதாச்சுமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க. நல்லா இருக்கேனுங்க."

அடிவாரம் செக்போஸ்டில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் லைசென்ஸ் கேட்டார். வாங்கி அதிலிருந்த படத்தைப் பார்த்தார். டோமினிக்கைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"இது எப்ப எடுத்ததுங்க?"

"நொம்பப் பழசுங்க."

"புதுசா ஒன்னு எடுத்துருங்க" என்று சொல்லி, லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தடுப்பைத் தூக்கினார்.