சிறை டாக்டர் மாற்றிய முடிவு

சின்னக் காஞ்சிபுரத்து அச்சுக்கூடம் ஒன்றில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தபோது, சர்க்கார் சிறையில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் தம் முதல் நாவலைக் கொண்டுவந்தார். மெலிந்து உயர்ந்த மனிதர். பேசும்போதெல்லாம் தம் மணிக்கட்டிலேயே நாடி பார்த்துக்கொள்வார். தூக்கிலிடப்பட்டவர்களின் உயிர் பிரிந்துவிட்டதென்று உறுதி சொல்வதும் அவருடைய உத்தியோகத்தில் சேர்ந்திருந்தது. நாவலில் தூக்குக் கைதி தப்பிப் போகிறான்.

மறுவாரம் வந்து முடிவை மாற்றி, அவனைத் தூக்கிலேற்றினார்.

"பொழச்சிக்கினு போகட்டுமே ஐயா" என்றேன்.

"இவன மட்டும் தப்ப வுட்டா, நெசமா போனவங்க மூஞ்சில எப்படிப்பா முழிப்பேன்?" என்றார்.

புதிய முடிவை நானே கோத்தேன். அதில் சிறை டாக்டர் சுவரோரம் நின்று அழுகிறார். நிஜத்தில் இவர் ஒருமுறையாவது அழுதாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.