மூடுபனிக்கு மேல் ஒரு பல்லக்கு

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் பேருந்து ஓட்டும் குணபாலன், நிலக்காட்சிப் புகைப்படத்தில் தனக்கென ஒரு பாணி காண 2004 முழுக்க ஞாயிறுகளைப் பலி கொடுத்தவர். கடைசியில் வாய்த்த படத்தில் நிலக்கரிக் கழிவுக் குன்று, மூடுபனி, மருந்துக்கும் மனிதர் கிடையாது.

அச்சிடக் கொடுத்த அந்தப் படத்தை, ஸ்டுடியோ ரூபன் யாரோ ஒரு பிள்ளை பெரியவளானதற்கு வைத்த சாமத்தியவீட்டின் ஆல்பத்துக்குப் பின்னணியாக்கிவிட்டான். குன்றின் உச்சியில் பல்லக்கு, பல்லக்கில் பிள்ளை, சுற்றிலும் அன்னங்கள்.

"என்ரை மூடுபனி எங்கையடா?"

"கொம்பியூட்டரிலை துடைச்சுப்போட்டன், அண்ணை. ஒரே ஊத்தையாக் கிடந்தது. கோவியாதேங்கோ, ஆக்கள் இல்லாத படத்தை ஆர் பாக்கிறது?"

குணபாலனுக்கு உச்சந்தலை வரை கொதித்தது. "இனி ஒருத்தரையும் ஒட்ட ஏலாதமாதிரி எடுக்கிறன், பார்!"

அடுத்த ஞாயிறே குன்றடியில் குப்புறப் படுத்தார். படம் முழுக்கச் சேறு. வானமில்லை, பல்லக்கை இறக்கிவைக்க ஓரடி இடமுமில்லை. அவருடைய பாணி அன்றுதான் முழுமை பெற்றது.