சௌந்திரம் போகாத மேட்டூர்

சௌந்திரம் ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போனதே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அந்தக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும், வருஷம் தவறாமல் வந்தாள் என்றுதான் சாதிப்பார்கள். சாதிக்கட்டும். அவள் போகவில்லை.

திருச்செங்கோட்டுக்குக் கிழக்கே கரட்டுப்பாளையத்தில் அண்ணன் தம்பி மூன்று பேரும் ஒரே அடுப்பில் உண்ட குடும்பம் அது. மூத்தவர் மயில்சாமி லாரி ஓட்டினார். நடுவுள்ளவர் ராசப்பன் காட்டில் வெள்ளாமை பார்த்தார். கடைசி சென்னியப்பன், எழுபத்தொன்றில் அவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சௌந்திரம்.

ஆடி பதினெட்டு அன்று மயில்சாமி எந்தப் பாரமும் ஏற்ற மாட்டார். முந்தின நாளே லாரியைக் கழுவி, வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்துவிடுவார். பெரியவர், சிறியவர், கட்டிக்கொடுத்த பெண்கள், அவர்கள் பெற்றதுகள் என்று இருபத்து மூன்று உருப்படி அதில் ஏறும். தூக்குப்போசிகளில் புளிச்சோறு, முனியப்பனுக்கு அறுக்க ரெண்டு சேவல். வாய்க்காலில் முழுகி, கோயிலடியில் சமைத்துத் தின்றுவிட்டு, பிறகு அணைப் பூங்கா. சறுக்குமரம், ஊஞ்சல், தொட்டிக்குள் மீன், ஆடி நோம்பிக்கு வந்து நிற்கும் ராட்டாந்தூரி என்ற பெரிய ராட்டினம். பிள்ளைகளுக்கு அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் விடிந்தது.

கல்யாணமான முதல் ஆடியில் சௌந்திரம் தாய்வீட்டில் இருந்தாள், அது முறை. அடுத்த ஆடியில் மகள் பாப்பாள் பிறந்து பதினாறு நாள். அதற்கடுத்த ஆடியில் எருமை.

அது அவள் கன்றிலிருந்து தண்ணீர் காட்டி வளர்த்த எருமை. வேறு கை மடியில் பட்டால் பாலை அடக்கிக்கொள்ளும், காலைத் தூக்கும்.

"நீயும் வந்துட்டா அதை ஆரு கறக்கறது?" என்றாள் மூத்தவர் மனைவி ஆத்தாயி. "பாப்பாளை நாங்க எடுத்துக்கறோம். நீ அடுத்த வருசம் போலாம், உடு."

சௌந்திரத்துக்கு அப்போது வருத்தம்கூட இல்லை. தன் கைக்கு மட்டும் கட்டுப்பட்ட ஒரு ஜீவன் இருக்கிறதே என்று பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையில்தான் ஏமாந்தாள். எருமை ஈன்று, வற்றி, மறுபடி ஈன்று, மொத்தத்தில் பன்னிரண்டு ஆடி போயிற்று.

போய் வந்த மறுநாள் காலை பிள்ளைகள் கட்டுத்தறிக்கு ஓடி வருவார்கள். அவள் கறந்துகொண்டிருப்பாள், அவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். ராசப்பனின் வேட்டி வாய்க்காலோடு போய், அவர் ஜமக்காளத்தைச் சுற்றிக்கொண்டு ஊர் திரும்பியதை ஒருத்தி சொல்வாள். மூத்தவர் மகள் வசந்தாமணி காணாமல் போய், பலூன்காரன் காலடியில் தூங்கிக் கிடந்ததை ஒருவன் சொல்வான். ராட்டாந்தூரி உச்சியில் ஆத்தாயி, "டேய் படுபாவி, எறக்குடா, எனக்கு நாலு புள்ளைக இருக்குதுடா!" என்று கத்தியதை நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். ஆளுக்கொரு துண்டு. முழுசாக இருந்தது சௌந்திரத்திடம்தான்.

அதனால் விருந்தாடி வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். "சௌந்தரா, அந்த வேட்டிக் கதையச் சொல்லு. நாஞ் சொன்னா சப்புன்னு இருக்குது." அவள் சொல்வாள். தண்ணீர் எந்தப் பக்கம் இழுத்தது, வேட்டி எந்தப் படியில் சிக்கி எப்படி விடுபட்டது, கரையில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் எல்லாம் சொல்வாள். கேட்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் நின்று பார்க்காதவளால் அப்படிச் சொல்ல முடியாது என்று யாருக்கும் தோன்றும்.

எண்பத்து நாலில் பாகம் பிரிப்பது என்று முடிவாயிற்று. ஆவணி பிறந்ததும் மயில்சாமி லாரியோடு நாமக்கல்லுக்குக் குடி போகிறார். ராசப்பன் சங்ககிரிப் பக்கம் மாமனார் ஊருக்கு. ஆக, எல்லோரும் ஒரே லாரியில் ஏறப் போவது அந்த ஆடிதான் கடைசி. எருமையைப் பங்குனியிலேயே விற்றாயிற்று. இனி எது தடுக்கும் என்று சௌந்திரம் நினைத்தாள். மாம்பழக் கலர் சீலை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்தாள்.

ஆனால் ஆனியில் மாமியாருக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்துபோயிற்று. பேச்சும் இல்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், எல்லோரும் வீட்டு முன்கூடமான ஆசாரத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆத்தாயி சொன்னாள்.

"அத்தையத் தனியா உட்டுட்டுப் போக முடியாது. சௌந்தரா, இந்த ஒரு வருசம் நீ இருந்துக்க."

"நான் வாரனுங்க்கா," என்றாள் சௌந்திரம். "ஒருக்காக்கூட வந்ததில்லீங்க."

 வீடே சிரித்தது.

"நாள் தவறாம மேட்டூர்க் கதை சொல்றவ வந்ததில்லையாமா!"

"என்ற வேட்டி போனப்ப மொதல்ல சிரிச்சதே நீதானே அம்மிணி," என்றார் ராசப்பன். "அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்குது."

"நான் சிரிச்சது இங்கீங்க. நீங்க ஜமக்காளத்தோட எறங்கினப்ப."

"இங்க எறங்கறப்ப ஊரே சிரிச்சுது. வாய்க்காலோரம் சிரிச்சது நீயி."

"அப்ப எருமைய ஆரு கறந்தாங்க?" என்றாள் சௌந்திரம்.

"ஏன், பண்ணையத்து அம்மாசி பொண்டாட்டி வந்து கறக்கலியா?" என்றாள் ஆத்தாயி.

"அது வேற கைக்குப் பால் உடாதுங்க்கா!"

"ஒரு நாளைக்கு உடாமயா போயிரும்? எருமைதானே சாமி, என்ன பெரிய இது."

சௌந்திரம் எழுந்து போய்ச் சுவரிலிருந்த போட்டோக்களைக் கழற்றி வந்தாள். பூங்காவில் படம் பிடிக்கிறவர் கடைசி ஏழு வருஷமாக வருஷத்துக்கொன்று எடுத்துக் கொடுத்தவை. ஏழையும் தரையில் வரிசையாக வைத்தாள். "இதுல நான் எங்க இருக்கறன்? காட்டுங்க."

பிள்ளைகள் குனிந்து தேடினார்கள். வசந்தாமணிக்கு அப்போது பதினேழு வயது. "சட்டிபானை கழுவிட்டு இருந்திருப்பீங்க சின்னம்மா. எப்பவும் அப்படித்தானே?" என்றாள். பிறகு ஒரு படத்தின் ஓரத்தைத் தொட்டாள். "இதா பாருங்க! பாப்பாளைப் புடிச்சிருக்குதே ஒரு கை, இது உங்களுதுதான்!"

ஆள் வெளியே நிற்க, கை மட்டும் படத்துக்குள் இருந்தது. அதிலிருந்த வளையல் சௌந்திரத்துடையது அல்ல. அதைச் சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல், புருஷனைப் பார்த்தாள். வாசப்படியில் உட்கார்ந்திருந்த சென்னியப்பன் அதிகம் பேசாதவர், பொய்யும் பேசாதவர்.

"ஏனுங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

அவர் சற்று யோசித்தார். "நீ வந்தியே சௌந்தரா. மீன் வறுவல் தின்னமே, கோயிலுக்குப் பொறத்தால மரத்தடியில. முள்ளு இருக்குதுன்னு நாந்தான எடுத்து எடுத்துக் குடுத்தேன்." அவர் முகம் அப்படியே இளகிப் போயிற்று. "நான் அதை மறக்கலியே."

பதின்மூன்று வருஷக் குடித்தனத்தில் அவர் அவளைப் பற்றி நாலு பேர் முன்னால் இத்தனை பிரியமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் யாருக்கு முள் எடுத்தாரோ. தன் ஆத்தாளுக்கோ, தங்கச்சிக்கோ. இல்லை என்று இவள் அடித்துச் சொன்னால் அந்த மரத்தடியிலிருந்தும் இவளே எழுந்து போக வேண்டும். சௌந்திரம் போட்டோக்களை அடுக்கி எடுத்தாள்.

"செரி, நான் இருந்துக்கறேன்," என்றாள்.

விடிகாலையில் லாரி போயிற்று. கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவளும் அவள்தான். மாமியாருக்குக் கஞ்சி புகட்டினாள், புரட்டிப் படுக்கவைத்தாள், துணி அலசினாள். வேறு வேலை இல்லை. காலியான கட்டுத்தறியைக் கூட்டினாள். கூட்டவேண்டியதே இல்லை, குப்பை ஏது. கூட்டினாள்.

மறுநாள் காலை யாரும் கட்டுத்தறிக்கு வரவில்லை. பிள்ளைகளெல்லாம் வளர்ந்துவிட்டார்கள், கறவையும் இல்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு மகளிடம் கேட்டாள்.

"எப்படிக் கண்ணு இருந்துச்சு?"

"எப்பவும் போலத்தாம்மா. உனக்குத் தெரியாததா?"

அவ்வளவுதான். கடைசி மேட்டூர் அவளுக்குக் காதால்கூடக் கிடைக்கவில்லை. ஆவணியில் அடுப்பு மூன்றாயிற்று. அணை அங்கேயேதான் இருந்தது. திருச்செங்கோடு போனால் பஸ் இருக்கிறது. பிறகொரு வருஷம் சென்னியப்பன்கூட, "போயிட்டு வரலாமா?" என்று கேட்டார். ரெண்டு பேர் பஸ்ஸில் போய் எந்தத் தண்ணீரைப் பார்ப்பது? அவளுக்கு வேண்டியிருந்தது தண்ணீர் அல்ல. அந்த லாரியில், அத்தனை பேர் முழங்காலுக்கு நடுவே ஒரு இடம். அதை இனி யாராலும் கொடுக்க முடியாது. வேண்டாம் என்றுவிட்டாள்.

எண்பத்தெட்டில் வசந்தாமணி பிள்ளைக்கு நாமக்கல்லில் காதுகுத்து. நாலு வருஷம் கழித்து எல்லோரும் ஒரே இடத்தில் கூடினார்கள். பந்தி முடிந்ததும் பேச்சு மேட்டூருக்குத் திரும்பியது. வேட்டிக் கதை ஆயிற்று, ராட்டாந்தூரி ஆயிற்று. சௌந்திரம்தான் சொன்னாள், எல்லோரும் சிரித்தார்கள்.

"கடைசியாப் போனமே, அதைச் சொல்லு சௌந்தரா," என்றார் மயில்சாமி. அவருக்குத் தலை நரைத்து, லாரியும் கைவிட்டுப் போயிருந்தது. "எனக்கு ஒண்ணும் தெளிவா நெனப்பில்லை."

எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். சொல்ல அவளிடம் ஒரு துண்டுகூட இல்லை.

"அன்னைக்கு நான் வரலீங்க," என்றாள்.

வசந்தாமணி நெற்றியில் தட்டிக்கொண்டாள். "ஆமாமா! பாட்டிக்கு ஆகாம இருந்துச்சே, சின்னம்மா ஊட்டுலதான இருந்தாங்க!" குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு வந்து சௌந்திரத்தின் கையைப் பிடித்தாள். அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

"பாவம் சின்னம்மா. அத்தன வருசம் வந்துட்டு, அந்த ஒரு வருசத்தைப் போயி உட்டுட்டீங்களே."