எனக்குப் பதிலாக வரிசையில் நின்ற பை

2008-ஆம் ஆண்டு, ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நடந்தது இது. சோழவரத்தில் குடியிருந்த நான், ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க எங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அப்போது எனக்கு அறுபத்தேழு வயது. உரிமம் காலாவதியான பிறகு முப்பது நாள் வரை சலுகை உண்டு. அன்று முப்பதாவது நாள்.

அதற்கு முந்தைய ஆறு மாதம் நானும் மனைவியும் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருந்தோம். திரும்பி வந்து பார்த்தால் உரிமம் முடிந்திருந்தது. மகனுக்கு அது வசதியாகப் போயிற்று. "இந்த வயசுல எதுக்குப்பா ஸ்கூட்டர்? வித்துடுங்க" என்று தொலைபேசியில் பிடித்துக்கொண்டான். கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். சலுகை நாள் முடிவதற்குள் புதுப்பித்துவிட்டால் வண்டி இருக்கும். இல்லாவிட்டால் விற்றுவிட வேண்டும்.

என் மனைவிக்கு முட்டிவலி. பஸ் படி ஏற மாட்டாள். செங்குன்றத்தில் இருக்கும் தங்கை வீடு, மார்க்கெட், ஏரிக்கரைக் காற்று எல்லாமே அவளுக்கு அந்த ஸ்கூட்டரின் பின் சீட்டில்தான். அன்று காலை நான் கிளம்பும்போது வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம் அதிகமாகிவிட்டது. வழியில் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று பயந்து பஸ்ஸிலேயே போனேன்.

பத்து மணிக்குத் திறக்கும் அலுவலகத்துக்கு எட்டரைக்கே போய்விட்டேன். வாசலில் ஆள் இல்லை. ஆனால் வரிசை இருந்தது. சுவரோரமாக ஹெல்மெட்டுகள், ஒரு ஜோடி செருப்பு, ஒரு செங்கல். ஆட்களெல்லாம் டீக்கடையில். எண்ணினேன், இருபத்துமூன்று. சாப்பாட்டு டப்பா இருந்த என் மஞ்சள் பையை இருபத்துநான்காவதாக வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

அடுத்து வந்தவர் துபாயில் கிரேன் ஓட்டிவிட்டுத் திரும்பியவர். தன் ஹெல்மெட்டை என் பைக்குப் பின்னால் வைத்தார். "இன்னா பெருசு, பைக்குக் காவலா? எவனும் தூக்கிக்கினு போவ மாட்டான். வா, டீ குடி" என்றார்.

டீக்கடையில் நான் ஆரம்பித்துவிட்டேன். அமெரிக்காவில் இப்படி இல்லை, கம்ப்யூட்டரிலேயே நாளும் நேரமும் குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள், என் மகனுக்கு நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் முதல் முறை குறித்த நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் தாமதமாகப் போனதால் மூன்று வாரம் தள்ளிப் போட்டார்களே, அதை மட்டும் சொல்லவில்லை.

"துபாய்லயும் அப்டித்தான். டோக்கன் குடுத்து ஏசில ஒக்கார வெச்சிடுவான். பேச்சுத் துணைக்கு ஒரு ஆளு இருக்காது, பேஜாரா பூடும்" என்றார் கிரேன்காரர்.

"இங்க பெருசு கீது, அந்தக் கொறையே இல்ல" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் சொல்ல, கடையே சிரித்தது. அதன் பிறகு நான் அமெரிக்கா தாத்தா ஆகிவிட்டேன்.

பத்தே முக்கால் இருக்கும். வரிசையில் பாதிகூட நகரவில்லை. காகிதங்களை எத்தனையாவது முறையாகவோ சரிபார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. மருத்துவச் சான்றிதழில் டாக்டரின் கையெழுத்து இருந்தது, சீல் இல்லை. டாக்டர் இருப்பது சோழவரத்தில். பன்னிரண்டு மணிக்குக் கிளினிக்கைப் பூட்டிவிடுவார். இங்கே ஒரு மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள். காகிதத்தைக் கிரேன்காரரிடம் நீட்டினேன்.

அவர் அதை வாங்கிப் பார்த்தார். "நீ போய்ட்டு வா பெருசு. ஒன் பை நிக்கும்" என்றார்.

பஸ் பிடித்துப் போய், டாக்டர் ஒரு குழந்தைக்கு ஊசி போட்டு முடிக்கும் வரை காத்திருந்து, சீல் வாங்கிக்கொண்டு திரும்பினால், வழியெல்லாம் லாரி நெரிசல். வந்து சேர்ந்தபோது ஒரு மணிக்கு இன்னும் பத்து நிமிடம்தான் இருந்தது. கிரேன்காரர் வேலை முடிந்து போய்விட்டிருந்தார். காலையில் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. ஸ்கூட்டர் போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போதுதான் பையைப் பார்த்தேன். மனு வாங்கும் ஜன்னலுக்கு எதிரே, முன்பின் தெரியாத ஒருவர் கையில் இருந்தது. தொழிற்சாலைச் சீருடையில், நாற்பது வயது மதிக்கத்தக்கவர். "அமெரிக்கா தாத்தா நீதானா? சீல் வாங்கினியா?" என்றார்.

அவர் சொல்லித்தான் விவரம் புரிந்தது. என் முறை வந்தபோது நான் இல்லை. கிரேன்காரர் தன் வேலையை முடித்துக்கொண்டு, பையை அடுத்தவர் கையில் கொடுத்து விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் அதற்கு அடுத்தவரிடம். இப்படி ஒரு மணி நேரமாக என் பை ஜன்னலைவிட்டு விலகாமல் கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. மிச்சம் இருந்தது இவர் ஒருவர்தான். கும்மிடிப்பூண்டியிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார்.

உள்ளே இருந்த எழுத்தர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் ஒண்ணுதான் வாங்குவேன். யாராவது ஒருத்தர் குடுங்க" என்றார்.

"நீங்க குடுங்க" என்று சீருடைக்காரரிடம் சொன்னேன். வாய் சொல்லியதே தவிர, மனசு சொல்லவில்லை.

"இன்னாத்துக்கு? பைதான் எனக்கு முன்னாடி நிக்குதே."

கும்மிடிப்பூண்டியிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறீர்களே என்றேன். "எனக்கு அட்ரஸ் மாத்தணும், அவ்ளோதான். ஊடு எங்கியும் ஓடிப் பூடாது. நீ குடு பெரியவரே" என்று பையை என் கையில் திணித்தார். நான் காகிதங்களைக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கித் திரும்பியபோது அவர் இல்லை. சாலைக்கு ஓடினேன். கும்மிடிப்பூண்டி பஸ் கிளம்பிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து ரசீதைக் காட்டினேன். மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "செங்குன்றம் போலாமா?" என்றாள். அன்று மாலையே போனோம்.

மகனிடம் சொன்னபோது, "நாலரை மணி நேரமா? இங்கே நாற்பது நிமிஷம்பா" என்றான். உங்கள் ஊர் முறைதான் நல்லது என்று ஒப்புக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இங்கேயும் நேரம் குறித்துக் கொடுத்திருந்தால், அந்த மனிதருக்கு ஒரு நாள் லீவு மிஞ்சியிருக்கும்.

அந்த உரிமம் ஐந்து வருடம் ஓடியது. மனைவி பின்னால் ஏறி உட்கார்ந்து என் தோளைப் பிடிக்கும்போதெல்லாம், கும்மிடிப்பூண்டியில் ஒருவர் இன்னும் பழைய விலாசத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பாரோ என்று தோன்றும். எங்கள் பயணத்தில் அவருக்கும் ஓர் இடம் உண்டு என்று நினைத்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவேன்.