அண்ணன் கேட்ட பஸ்

டவுன் சிண்ட்ரோம் உள்ள என் அண்ணனுக்கு முப்பத்தெட்டு வயது. ஓட்டல் சலவைக்கூடத்தில் துண்டு மடிக்கிறான். தனியாகவே பஸ்ஸில் போய்வருகிறான். இனி இவனைப் போன்றவர்கள் துணையோடுதான் பயணிக்க வேண்டும் என்றது அரசின் வரைவு வழிகாட்டி. வீட்டின் முதல் பட்டதாரியான நான்தான் வாசித்துக் காட்டினேன்.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அண்ணன் கைதூக்கினான். அதிகாரி என்னைக் கேட்டார்: "தம்பிக்கு என்ன வேணுமாம்?"

அண்ணனே சொன்னான்: "தனியா பஸ்ல போகணும் சார். துணைக்கு ஆளில்ல, வேலை போயிடும்."

அதிகாரி உருகிப்போய் அவன் கன்னத்தைக் கிள்ளி, சாக்லேட் கொடுத்தார். கூட்டம் கைதட்டியது. இதைப் பார்க்கவா பட்டம் படித்தேன் என்றிருந்தது.

அண்ணன் சாக்லேட்டைத் திருப்பிக் கொடுத்தான். "எனக்கு சுகர் சார். பஸ்ஸுக்குப் பதில் சொல்லுங்க."

அதிகாரி மறுபடி என்னிடமே திரும்பினார். "மாத்திரை ஒழுங்கா குடுக்குறீங்களாம்மா?"

அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "பாவம், இவரைப் போய்த் தனியா விட்டிருக்காங்களே!"