மூன்றாம் தரம்

மொத்தக் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவும் அக்காவுக்கு இயற்கை ஒரு தொண்டையைக் கொடுத்தது, அளவுதான் தப்பிப்போயிற்று. அவர் தக்காளிக்கு விலை கேட்டால், அடுத்த தெருவில் பேருந்துக்கு நிற்பவர் தன்னையறியாமல் கையைத் தூக்கிவிடுவார். அவருடைய கணவருக்குக் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று கணவரைக் கேட்டால், "தொழில் வேற, குடும்பம் வேறங்க" என்று சொல்லிவிட்டு, வாசலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

இப்படிப்பட்ட அக்கா, கரையொதுங்கும் டால்பின்களைக் காப்பாற்றும் குழுவில் சேர்ந்தார். குழுவின் கொட்டகைச் சுவரில் முதல் விதியாக எழுதியிருந்தது: 'சத்தம் போடக் கூடாது.'

டால்பின்கள் வந்து மாட்டிக்கொள்வதற்கென்றே அமைந்தது எங்கள் கடற்கரை. கொக்கி போல வளைந்த மணல்திட்டு. உள்ளே தட்டையான தரை. டால்பின் தன் குரலை அனுப்பி, அது மோதித் திரும்புவதைக் கேட்டு வழி பார்க்கும் பிராணி. மெல்லச் சரியும் மணலிலிருந்து குரல் சரியாகத் திரும்பாததால், முன்னே ஆழ்கடல்தான் என்று நம்பிவிடுகிறது என்பது குழுத் தலைவரான கால்நடை மருத்துவரின் கணிப்பு. பெருங்காற்று ஓய்ந்ததும் மீன்களை விரட்டிக்கொண்டு குடும்பத்தோடு வரும். நீர் வற்றும்போது மாட்டிக்கொள்ளும். எப்போதும் அதே மூலைதான். பேசிப் பேசிப் பதில் வராத துயரத்தை அக்காவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது.

போன தடவை ஒரு கூட்டம் ஒதுங்கியபோது மருத்துவர் தெளிவாகத்தான் சொன்னார்: "எல்லாத்தையும் ஒரே நேரத்துல விடணும். ஒண்ணு கரையில நின்னு கூப்பிட்டாலும், போனதெல்லாம் திரும்பி வந்துடும்." எதிர்த்துப் பேசாத நோயாளிகளையே பார்த்துப் பழகியவர்; குரல் அவர் மீசையைத் தாண்டவில்லை. அக்கா பிடித்திருந்த டால்பின்தான் முதலில் மிதந்தது. அவருக்குப் பொறுக்கவில்லை. "போகட்டும், விடுங்க!" என்றார். பாதிப்பேர் விட்டார்கள், மீதிப்பேர் மருத்துவர் சொன்னதை மதித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றவை விசிலடித்துக் கூப்பிட, போனவை வளைந்து திரும்பி மணலில் ஏறின. ஒன்றும் பிழைக்கவில்லை.

குழு அக்காவை நீக்கவில்லை. வாளி கழுவும் பிரிவுக்குத் தலைவியாக உயர்த்தியது. அந்தப் பிரிவில் வேறு ஆள் கிடையாது. அக்கா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. ஊருக்கே அதுதான் கவலையாக இருந்தது. "ஒரு கூட்டமாவது முழுசா வீட்டுக்குப் போறத பாத்துடணும்" என்று கணவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார், அவருடைய கணக்கில் ரகசியமாக. நாலு வீட்டுக்குக் கேட்டது.

இந்த வருஷமும் காற்று ஓய்ந்த காலையில், அதே மூலையில், பெரியதும் சிறியதுமாக ஒரு குடும்பமே கிடந்தது. சந்தையிலிருந்து சுமைகாரர்களும் வியாபாரிகளும் ஓடிவந்து உதவிக்கு நின்றார்கள். ஈரத்துணி போர்த்தி, மூச்சுத்துளையை மறைக்காமல் தண்ணீர் ஊற்றி, கடல் ஏறும்வரை ஆளுக்கொரு பக்கம் பிடித்திருந்தார்கள். வரிசை வளைவு முழுக்க நீண்டது. அக்கா வாளிகளை நிரப்பி நிரப்பி ஓடினார். வாயே திறக்கவில்லை. பயந்துபோன கணவர் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல. ஏம்மா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"வாளிய பிடிங்க, பேசாம."

கடல் இடுப்பளவு ஏறியது. மூன்று எண்ணி எல்லாரையும் ஒன்றாக விடச்சொல்ல மருத்துவர் கைஒலிபெருக்கியைத் தூக்கினார்; அது ஏற்கெனவே ஒருமுறை தண்ணீரில் குளித்திருந்ததால் கொர்ரென்று இருமிவிட்டு அடங்கியது. அலைச்சத்தத்தில் அவர் கத்தியது பக்கத்து ஆளுக்கே எட்டவில்லை. ஒரு மூலையில் இரண்டு பேர், மூன்று எண்ணியாகிவிட்டது என்று தாங்களாகவே முடிவுசெய்து பிடியைத் தளர்த்த ஆரம்பித்தார்கள்.

மருத்துவர் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வாளிப் பிரிவை நோக்கி வந்தார்.

"அக்கா, நீங்கதான் சொல்லணும்."

"வேணாம் தம்பி. போன தடவை சொன்னது போதும்."

"உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப இல்லக்கா. நான் கையை இறக்கும்போது."

அக்கா வாளியைக் கணவரிடம் கொடுத்தார். மருத்துவர் உயர்த்திய கையையே பார்த்தார். அவர் பக்கத்தில் ஒரு டால்பின் நன்றாக மிதந்து துள்ளியது; பார்க்கவில்லை. இன்னொன்று மிதந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசிக் குட்டியும் மிதந்தது. கை இறங்கத் தொடங்கியது.

"ஒரு தரம்ம்ம்!"

கடற்கரையே நிமிர்ந்தது. சந்தையில் வளர்ந்த உடம்புகள் அவை. மூன்றாம் தரத்துக்கு முன்னால் எந்த மூட்டையும் கைமாறாது என்பது எலும்பில் ஊறியிருந்தது. தளர்ந்த பிடிகள் இறுகின.

"ரெண்டு தரம்ம்ம்!"

ஒரு விரல் அசையவில்லை.

"மூணு தரம்!"

அத்தனை கைகளும் ஒன்றாக விலகின. டால்பின்களின் முதுகுகள் ஒன்றாகக் கடல்பக்கம் திரும்பின. குட்டி நடுவில், பெரியவை சுற்றிலும். மணல்திட்டின் முனையை நெருங்கின. திரும்பிக் கூப்பிட இந்த முறை கரையில் ஒன்றுகூட மிச்சமில்லை. முனையைத் தாண்டி, வெளிக்கடலின் முதல் அலையில் அத்தனையும் துள்ளி மறைந்தன.

ஏலம் முடிந்தால் எடுத்தவர் பேரைச் சொல்லாமல் அக்காவால் இருக்க முடியாது.

"கடலுக்கு!" என்று அறிவித்தார்.

சுமைகாரர்கள் விசிலடித்து, அவரைத் தூக்க முயன்று, கணவரோடு சேர்த்துத் தண்ணீரில் போட்டார்கள். வாளி மிதந்து போயிற்று. பிரிவும் அத்துடன் கலைக்கப்பட்டது.

கொட்டகைச் சுவரில் விதி இப்போதும் அப்படியே இருக்கிறது. கீழே மருத்துவர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: 'அக்காவைத் தவிர.' அதை எழுதச் சொல்லி மனுக் கொடுத்தவர் அக்காவின் கணவர் என்று கேள்வி. வீட்டுச் சுவரில் அவர் எதுவும் எழுதவில்லை.